சட்டத்தைக் கற்பிப்பவர் எங்கிருந்து வருகிறார்?

 

சென்ற மாதம் ஜும்ஆவுக்குப் பின் விருதுநகரைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு முறையீட்டோடு வந்தார். அவருடைய மகள் மதுரையில் சட்டப் படிப்பை முடித்துவிட்டார். இப்போது மேற்படிப்புப் படித்துச் சட்டக் கல்லூரியில் ஆசிரியையாக வேண்டும் என்கிறார். "ஹஜ்ரத், கோர்ட்டுக்குப் போகாத சட்டப் படிப்பு எதற்கு? கறுப்புக் கோட்டுப் போட்டால் நாலு பேருக்குத் தெரியும். பாடம் நடத்துவதற்கா இவ்வளவு செலவு செய்தேன்?" என்பது அவருடைய வருத்தம்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. நம் சமுதாயக் குடும்பங்களில் மருத்துவர், பொறியாளர், அண்மைக் காலமாக வழக்கறிஞர் என்ற வரிசை உண்டு. வழக்கறிஞர்களை உருவாக்கும் ஆசிரியர் அந்த வரிசையில் எங்கும் இல்லை. அவர் யார், எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறார், வகுப்பறைக்குள் நுழையுமுன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நாம் கேட்டதே இல்லை. மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தும் நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது. ஏனெனில் நம்முடைய மரபில் வழக்கறிஞருக்கும் முந்தியவர் சட்டம் கற்பித்தவர்தாம். நாம் பின்பற்றும் மத்ஹபுகளின் இமாம்கள் அனைவரும் முதலில் ஆசிரியர்களே.

அவர்களின் பின்னணியைச் சற்று நினைத்துப் பாருங்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபா நகரில் பட்டுத் துணி வணிகர். ஹனஃபி ஃபிக்ஹில் வாங்கல், விற்றல், கூட்டு வணிகம் பற்றிய பாடங்கள் அத்தனை நுட்பமாக இருப்பதற்கு, அதைத் தொடங்கி வைத்தவர் கடையில் அமர்ந்து வாடிக்கையாளரின் முகம் பார்த்தவர் என்பதும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். அவருடைய முதன்மை மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) வறிய குடும்பத்துப் பிள்ளை. சலவைக்காரர் ஒருவரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டவரை, குடும்பச் செலவுக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்துப் பாடத்தில் உட்கார வைத்தவர் இமாம் அவர்கள்தாம் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் அப்பாஸியப் பேரரசின் தலைமைக் காழியானார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தந்தையை இழந்து தாயாரால் வளர்க்கப்பட்டவர். எழுதத் தாள் வாங்க வசதியின்றி எலும்புகளிலும் எழுதிப் படித்ததாக அறிகிறோம்.

அடுத்த தலைமுறைகளில் பெயர்களே தொழிலைச் சொல்லும். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். ஹிஜ்ரி 261இல் மறைந்த அந்த அறிஞர், அந்தக் கைத்தொழிலில் உண்டு வாழ்ந்தவர். வக்ஃபு பற்றியும் காழியின் கடமைகள் பற்றியும் ஆரம்பகால நூல்களை எழுதியவர். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச் சாந்து வேலை செய்பவர். ஹல்வானீ என்பது இனிப்பு வணிகத்தோடு சேர்ந்த பெயர். அவரிடம் பயின்றவர்தாம் பேரறிஞர் சரக்ஸீ. நம் மதரஸாக்களில் மாணவர் கையில் இன்றும் இருக்கும் 'குதூரீ'யின் ஆசிரியர் பெயரைப் பானைகளோடு தொடர்புபடுத்துவர். ஷாஃபிஈ மத்ஹபில் கஃப்ஃபால் மர்வஸீ பூட்டுச் செய்பவராக இருந்தார். முப்பது வயதுவரை பூட்டும் சாவியுமாகக் கழித்தவர், அதன் பிறகே ஓத உட்கார்ந்து தம் காலத்தின் பெரும் சட்ட ஆசிரியர்களுள் ஒருவரானார்.

இந்தப் பெயர்களைப் பாடத்தில் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பதுண்டு. "நம்ம ஊர்க்காரராக இருந்தால் பட்டாசு ஹஜ்ரத் என்று பெயர் வந்திருக்கும்" என்று ஒரு பிள்ளை சொன்னான். நாமும் சிரித்தோம். ஆனால் அவன் சொன்னதில் இருந்த செய்தி சிறியதன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவின் சட்டக் கல்லூரிகள் பெரும்பாலும் நீதிமன்றத்தின் நிழலில் நடந்தவை. வழக்கறிஞர்கள் வழக்குக்கு முன்போ பின்போ வந்து பாடம் சொல்லிவிட்டுப் போவார்கள். சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தோன்றி, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நெடுங்காலம் இயங்கியது. பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தின்ஷா முல்லா அங்கே பேராசிரியராக இருந்த பார்சி வழக்கறிஞர். முஸ்லிம் சட்டம் பற்றி அவர் வெளியிட்ட நூலே இன்றும் நம் நீதிமன்றங்களில் திருமணம், மஹர், வாரிசுரிமை வழக்குகளில் மேசைக்கு வருகிறது. 1935இல் அதே கல்லூரியின் முதல்வரானார் டாக்டர் அம்பேத்கர். கல்விக் கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார அனுமதிக்கப்படாமல் வளர்ந்தவர், சட்டம் கற்பிக்கும் நாற்காலியில் அமர்ந்தார். அவருக்குப் பின் 1938இல் முதல்வர் பொறுப்புக்கு வந்தவர் ஆஸஃப் ஃபைஸி. கேம்பிரிட்ஜில் படித்த அவர் அரபு மூலநூல்களைப் பதிப்பித்த அறிஞர். பின்னர் எகிப்தில் இந்தியத் தூதராகவும் பணியாற்றினார். பார்சியர் ஒருவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தின் தலைவர் ஒருவர், சுலைமானி போஹ்ரா முஸ்லிம் ஒருவர்! ஒரு கல்லூரியின் மாணவர்கள் சில பத்தாண்டுகளில் எத்தனை வகையான வாழ்க்கைகளிடமிருந்து சட்டம் கேட்டிருக்கிறார்கள்!

முல்லா நூலைப் பற்றி ஒரு சொல். அது குற்றம் கூறத்தக்க நூல் அன்று. அதன் தெளிவே அதை நிலைக்க வைத்தது. ஆயினும் அந்தக் காலத்து ஆங்கில நீதிமன்றங்கள் ஷரீஅத்தை எதிலிருந்து அறிந்தன? 1791இல் ஹாமில்டன் வெளியிட்ட 'ஹிதாயா' மொழிபெயர்ப்பு அவற்றுள் முதன்மையானது. அது அரபு மூலத்திலிருந்து நேராக வந்ததன்று. பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலமானது. அரபு, பாரசீகம், ஆங்கிலம், அதன்மேல் நீதிபதிகளின் தீர்ப்புகள், அவற்றின் சுருக்கமாகப் பாடநூல் என இத்தனை படிகளைக் கடந்த சட்டத்தையே இன்று மாணவர் படிக்கிறார். 'ஹிதாயா'வை அரபியிலேயே வரி வரியாக ஓதிய ஆலிம்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் சட்டக் கல்லூரியில் முஸ்லிம் சட்டப் பாடம் நடத்துகிறார்கள்? பிற்காலத்தில் முல்லா நூலின் பதிப்புகளைத் திருத்தி வெளியிட்டவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. இந்தியாவின் தலைமை நீதிபதியான முதல் முஸ்லிம். அவரும் வழக்கறிஞராக இருந்த காலத்தில் நாக்பூர் சட்டக் கல்லூரியில் பாடம் சொன்னவர்தாம்.

விடுதலைக்குப் பிந்திய சட்டக் கல்வியின் முகத்தை மாற்றியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், பேராசிரியர் மாதவ மேனனைச் சொல்ல வேண்டும். 1935இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்தார். பின் டெல்லியில் அரசு அலுவலரானார். அந்த வேலையையும் விட்டு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவருடைய சட்ட முதுகலையும் முனைவர் பட்டமும் அலிகரில் பெற்றவையே. ஆசிரியப் பணியையும் அங்கேயே தொடங்கினார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம், புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு, இறுதியில் பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி. பிளஸ் டூ முடித்தவுடன் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு என்று இன்று நம் பிள்ளைகள் சேரும் முறை, அவர் அங்கே நடத்திக் காட்டியதால் நாடெங்கும் பரவியது. பின்னர் கல்கத்தாவில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தையும், போபாலில் நீதிபதிகளுக்கே பாடம் சொல்லும் கழகத்தையும் தொடக்க காலத்தில் நடத்தினார். 2019இல் மறைந்தார். அலிகர் என்றாலே நம் மக்களுக்கு அரசியல் செய்தியே நினைவுக்கு வருகிறது. இந்தியச் சட்டக் கல்வியின் சிற்பி ஒருவர் அங்கே உருவானார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

இன்று சட்டப் பேராசிரியராவதற்கான வழி பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கிறது. சட்ட இளங்கலை, அதன்மேல் எல்.எல்.எம்., பிறகு நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம், நம் மாநில அரசுக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு. முழுநேர ஊதியம் பெறும் ஆசிரியர் நீதிமன்றத்தில் வழக்காடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வழக்காடும் வழக்கறிஞர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் கற்பிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன. ஆக, முழுநேர ஆசிரியருக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. வாய்தா எப்படி வாங்கப்படுகிறது, சாட்சி எங்கே தடுமாறுகிறார் என்று கண்ணால் காணாமலே ஒருவர் சாட்சியச் சட்டத்தை முப்பது ஆண்டுகள் நடத்திவிட முடியும். இது குறைதான் என்பது நம் கருத்து. பாடத்தை உயிர்த்தொழிலாகக் கொண்டவர்கள் கிடைத்ததும் இதே சுவரால்தான் என்பதையும் மறுக்க இயலாது. மாலையில் களைத்து வந்து குறிப்புச் சொல்லிப் போகும் வழக்கறிஞரிடம் ஆய்வை எதிர்பார்க்க முடியாது.

நீதிமன்றம் போகாத ஆசிரியரால் என்ன ஆகிவிடும் என்று கேட்போருக்கு 1979ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். காவல் நிலையத்தில் சீரழிக்கப்பட்ட ஆதிவாசிச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுதலை செய்தது. மறு ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்னும் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். வழக்கு எண் இல்லை, வக்காலத்து இல்லை. அத்தீர்ப்பின் தர்க்கத்தில் உள்ள பிழையை மாணவரின் விடைத்தாளைத் திருத்துவதுபோல் எடுத்துக் காட்டிய ஒரு கடிதம் மட்டுமே. நாடெங்கும் பெண்கள் வீதிக்கு வந்தனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்நால்வருள் லோத்திகா சர்க்கார், டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத் துறையின் முதல் பெண் ஆசிரியை. தம் மகள் பாடம் நடத்தி என்ன ஆகப் போகிறது என்று எண்ணும் தந்தையர் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் நம் வட்டாரத்துக்கு ஏன் வேண்டும்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் வாழும் நமக்குச் சட்டம் வீட்டு வாசலில் கிடக்கும் பொருள். ஓர் ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா என்பதை இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளையும் பேசுவான். ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், மருந்து எவ்வளவு இருக்கலாம் என்று வெடிபொருள் விதிகள் கட்டளையிடுகின்றன. விபத்து நடந்த பின்னர்தான் அந்த அறைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வெளியே தெரிகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெருந்துயர். இடையிலும் பின்னரும் செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்துபோன விபத்துகள் எத்தனையோ.

அதன்பின் நடப்பது நமக்குத் தெரியும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் வேறொருவர். கூலி கொடுத்தவர் மூன்றாமவர். இறந்த பெண்ணின் பெயர் பதிவேட்டில் இருக்காது. அவளுடைய முதலாளி யார்? இது சட்டக் கல்லூரியின் தேர்வுத் தாளில் வரவேண்டிய கேள்வி. வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும் முதன்மை முதலாளியின் பொறுப்பு நீங்காது என்ற கோட்பாடு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்தது. உரிமத்தை மீறிய உள்குத்தகையில் அந்தக் கோட்பாடு எப்படி நிற்கும், பதிவேட்டில் பெயரில்லாத பெண்ணின் வேலையை எந்தச் சாட்சியால் மெய்ப்பிப்பது என்பவற்றை, மருந்து அறையின் வாசனை அறிந்த ஓர் ஆசிரியர் நடத்தினால் அந்த வகுப்பு வேறு மாதிரி இருக்கும். மருந்துக் கையோடு வீடு திரும்பிய தாயைப் பார்த்து வளர்ந்தவர் அந்த ஆசிரியராக இருந்தால் இன்னும் நன்று.

நம் வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றிய இரு வழக்குகளைப் பாருங்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும்; அக்குழந்தையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், அது இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2018 அக்டோபர் 23 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. பட்டாசு வெடிக்கும் நேரத்தையும் சுருக்கியது. அவ்வழக்கு 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையரால் தொடரப்பட்டது. இரண்டிலும் நீதிமன்றக் கதவைத் தட்டியவர்கள் நம் மண்ணைச் சேர்ந்தவர்கள் அல்லர். முதல் தீர்ப்பு நமக்கு நன்மையே செய்தது. டெல்லிக் குழந்தையின் மூச்சுக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சரவெடி பின்னும் பெண்ணின் கூலி என்னவாகும், மாற்றுத் தொழிலுக்கு அவளுக்கு எத்தனை ஆண்டு அவகாசம் வேண்டும் என்ற கேள்விகளைக் கோட்பாடாக வளர்த்து, ஆய்வுக் கட்டுரையாக்கி, நீதிபதி படிக்கும் மேசைக்குக் கொண்டுபோகும் வேலை ஒரு சட்டப் பேராசிரியருடைய வேலை. தொழிலதிபர்களுக்கு மூத்த வழக்கறிஞர்கள் கிடைத்துவிடுவார்கள். கூலிக்காரருக்காகச் சிந்திக்கும் பேராசிரியர் இங்கிருந்துதான் போக வேண்டும்.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் தீப்பெட்டித் தொழில் பயிலக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து ஊருக்கே அத்தொழிலைப் பழக்கினார்கள். வறண்ட பூமி தொழில் நகரமானது இப்படித்தான். சட்டம் கற்பிக்கக் கற்றுவர நம்மிலிருந்து இருவர் ஏன் புறப்படக் கூடாது?

நடைமுறைத் தடைகளை நாம் அறியாமல் இல்லை. பல தனியார் கல்லூரிகளில் ஊதியம் குறைவு. நிலையான பணி வாய்க்குமுன் கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் காத்திருக்க நேரலாம். அரசுப் பணித் தேர்வுகள் நினைத்தபோதெல்லாம் வருவதில்லை. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். மறுபுறம், 2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் என நம்மைச் சுற்றி அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வண்டலூரில் நம் சமுதாயத்தவர் நிறுவிய கிரசென்ட் கல்வி நிறுவனத்திலேயே சட்டப் பள்ளி நடக்கிறது. அங்கெல்லாம் மாணவராகப் போவதோடு நம் எண்ணம் நின்றுவிடுகிறது.

மதரஸா நிர்வாகிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓதும் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுத வைக்காமல், பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக ஒரு பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அடிப்படைப் பள்ளித் தகுதி இல்லாமல் அவ்வாறு பெற்ற பட்டம் சட்டப் படிப்பில் சேர உதவாது என்று 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. ஏழாண்டு ஃபிக்ஹு ஓதிய ஆலிம், சட்டக் கல்லூரியின் வாசலில் ஒரு பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வருவதைவிட வேதனை வேறென்ன? முறைப்படி பள்ளித் தேர்வுகளையும் எழுதிய ஆலிம் ஒருவர் பட்டம் முடித்து, மூன்றாண்டுச் சட்டம் பயின்று, முதுகலையும் நெட் தேர்வும் முடித்தால், முஸ்லிம் சட்டப் பாடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இருக்க முடியுமா? வக்ஃபுச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டு நாடே விவாதித்தபோது, கஸ்ஸாஃபின் நூலையும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒருசேரப் படித்த பேராசிரியர்களைத் தேடினோம். விரல்விட்டு எண்ணவும் ஆள் கிடைக்கவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தயங்குவோர்க்கு: உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி 1989இல் பதவியேற்ற ஃபாத்திமா பீவி. நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். 1940களின் இறுதியில் ஒரு முஸ்லிம் பெண்ணைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பிய அவருடைய தந்தைக்கு ஊர் எத்தனை அறிவுரை சொல்லியிருக்கும்! இன்று பாதுகாப்பான வளாகம், முறையான பணி நேரம், மாலையில் வீடு என அமையும் ஆசிரியப் பணிக்குத் தயங்குவது நமக்கு விளங்கவில்லை. (வழக்கறிஞர் தொழிலை நாம் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்குத் தேவைப்படும் ஆட்களும் நம்மில் போதவில்லை.)

நாட்டின் அரசமைப்பே சட்ட அறிஞருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இருந்திராத சிறந்த சட்ட அறிஞரையும் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கலாம் என்கிறது 124ஆம் பிரிவு. இத்தனை ஆண்டுகளில் அவ்வழியே ஒருவரும் நியமிக்கப்படவில்லை. பேராசிரியர்களை நாடு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு இதுவும் சான்று. இந்த விஷயத்தில் நம் மஹல்லாக்களும் நாட்டைப் போலவே நடந்துகொள்கின்றன போலும்!

நாம் கேட்பது பெரிதன்று. பைத்துல்மாலில் மருத்துவச் செலவுக்கும் திருமண உதவிக்கும் ஒதுக்குவதுபோல், ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் எல்.எல்.எம். கட்டணத்தை ஒவ்வொரு பெரிய ஜமாஅத்தும் ஏற்கலாம். அபூயூசுஃபின் வீட்டுச் செலவை ஏற்ற இமாமின் மத்ஹபில்தானே நம்மில் பலர் இருக்கிறோம்! பட்டாசு ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு, அவர் எந்தச் சமுதாயத்தவராயினும், வசதி படைத்த நம் வணிகர்கள் இதைச் செய்யலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்திலும் சிவகாசி, சாத்தூர் நீதிமன்றங்களிலும் இழப்பீட்டு வழக்குகளை நடத்திப் பழகிய வழக்கறிஞர்கள், விதிகள் அனுமதிக்கும் அந்த மூன்று மணி நேரத்தை அருகிலுள்ள சட்டக் கல்லூரிகளுக்குக் கொடுக்க முன்வரலாம். வாரம் ஒரு நாளானாலும் போதும். எல்.எல்.எம். சேர விரும்பும் பிள்ளைகள் தங்கள் ஜமாஅத் செயலாளரிடம் வரும் ரமளானுக்குள் பெயர் கொடுத்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஸகாத் கணக்குப் போடும் நேரத்தில் அந்தப் பட்டியல் கையில் இருந்தால், இன்ஷா அல்லாஹ், பேசுவதற்கு எளிதாக இருக்கும்.